மலைச்சாமியின் கால் எலும்பு

ஒத்தப்புளிப் பால் சங்கத்தில் டெஸ்டர் வேலைக்கு வந்த பதினோரு வருசத்தில் ராமுத்தாய் மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் பாலை வைத்துத்தான். கேனிலிருந்து நீளக் குவளையில் கொஞ்சம் ஊற்றி, கண்ணாடிக் குச்சியை அதில் மிதக்கவிட்டால் வந்தவன் யாரென்று தெரிந்துவிடும். லாக்டோமீட்டர் என்று சங்கத்து ரிஜிஸ்டரில் போட்டிருக்கும் அதற்கு ஊரில் டிகிரிக் குச்சி என்று பெயர். நல்ல மாட்டுப் பாலில் இருபத்தெட்டில் நிற்கும். தண்ணீர் கலந்தால் அமிழ்ந்துபோய் இருபத்தைந்து, இருபத்து நாலு என்று இறங்கும்.

கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர் வீட்டுப் பால் இருபத்தைந்து. பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுப் பால் இருபத்து நாலு. மதுவிலக்குப் பற்றி மைக் பிடித்துப் பேசுகிறவர் இருபத்து மூன்றுக்கு மேல் ஏறினதே இல்லை. சில கெட்டிக்காரர்கள் தண்ணீரை ஊற்றிவிட்டு, குச்சி இறங்காமல் இருக்கச் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவருவார்கள். புல் காய்ந்து கிடக்கிற சித்திரை மாதத்தில் எலும்பும் தோலுமான மாட்டின் பால் முப்பத்தொன்று காட்டினால், ராமுத்தாய் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பிறகு கேன்காரன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வீட்டுல காப்பி போட்டுக் குடிங்க" என்று திருப்பி அனுப்புவாள். குறைந்து காட்டுகிற பாலைக்கூட அவள் மன்னிப்பாள். தேவைக்கு மேல் நன்றாக இருக்கிற பாலை மன்னிக்க மாட்டாள்.

அவள் வீட்டுப் பால் எத்தனை டிகிரி என்று கேட்கிற தைரியம் ஊரில் யாருக்கும் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

அவள் புருசன் மலைச்சாமி திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிறவன். பந்தலுக்குக் கீழே நிமிர்ந்த கழுத்தோடு நாள் முழுக்க நின்று, எந்தக் கணுவில் வெட்டினால் எத்தனை கொத்து தள்ளும் என்று சொல்லக்கூடியவன். வேலையில் குறை சொல்ல முடியாது. மற்ற எல்லாவற்றிலும் குறை சொல்லலாம். அவன் கால் ஒடிந்த கதை வெளியே சொல்லக் கூசுகிற கதை.

போன வைகாசியில் ஊர்ப் பெரிய மனிதர் பாண்டீஸ்வரன் தன் பேத்திக்குக் காது குத்தினார். பஸ் நிறுத்தத்தில் இருபதடி உயரத்துக்கு பிளக்ஸ் வைத்தார்கள். மேலே குழந்தை, அதற்குக் கீழே பாண்டீஸ்வரன் செல்போனில் பேசுகிற மாதிரி, அதற்கும் கீழே 'அன்பு உறவுகள்' என்று அறுபது தலைகள் தபால் தலை அளவில். அந்த அறுபதில் ஒன்று மலைச்சாமி. அலங்காரத்துக்குக் கட்டின வாழைமரத்தின் இலை சரியாக அவன் மூஞ்சியை மறைத்துக்கொண்டு நின்றது. ஐம்பது வயது ஆள், அந்த இலையை ஒதுக்கிவிட, பிளக்ஸைக் கட்டியிருந்த சவுக்குக் கம்பில் ஏறினான். கம்பும் பிளக்ஸும் வாழைமரமும் அவனும் சேர்ந்து விழுந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக முறிந்தது. பாண்டீஸ்வரன் ஒரு தடவை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து பார்த்தார். பிளக்ஸ் கிழிந்ததைப் பற்றித்தான் நிறைய நேரம் பேசினார்.

முதல் இரண்டு வாரம் மூங்கில் பத்தையும் முட்டைப் பற்றும் வைத்துக் கட்டிக்கொண்டு கிடந்தான். அது அவன் அக்கா சுருளியம்மாளின் ஏற்பாடு. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிற சுருளியம்மாளுக்குத் தம்பி என்றால் உயிர். தம்பி பெண்டாட்டி என்றால் சம்பளம் வாங்குகிற திமிர் பிடித்தவள். கால் வீங்கிக் கறுத்த பிறகுதான் தேனிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே தகடும் திருகாணியும் வைத்து மூட்டி, மூன்று மாதத்தில் கூடிவிடும் என்றார்கள். ஒன்பது மாதம் ஆகியும் கூடவில்லை. படத்தைப் பார்த்தால் இரண்டு எலும்புக்கும் நடுவில் கரிக்கோடு இழுத்த மாதிரி இடைவெளி அப்படியே இருந்தது.

அந்த ஒன்பது மாதமும் மலைச்சாமி முன்னறைக் கட்டிலில் கிடந்து முனகினான். ஆள் இல்லாதபோது மெதுவாக, ஆள் வந்தால் உரக்க, சோறு தாமதமானால் அம்மாவைக் கூப்பிட்டு. வலி பொய் இல்லை என்று ராமுத்தாய்க்குத் தெரியும். ஆனாலும் அந்த வலியை அவன் ஊரெல்லாம் பரிமாறியது அவளுக்குப் பிடிக்கவில்லை. விடியுமுன் எழுந்து மாடு கறந்து, சங்கத்துக்கு ஓடி, வந்து அவனுக்குப் படுக்கைப் பாத்திரம் எடுத்துக் கழுவி, புல் அறுத்து, மறுபடி சாயங்காலப் பாலுக்கு ஓடுகிறவளுக்கு முனக நேரமே கிடைத்ததில்லை.

மாசி மாதம் தேனி ஆஸ்பத்திரியில் மதுரை டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். வைகுண்டராஜ் என்று பெயர். மாதத்தில் ஒரே ஒரு வியாழக்கிழமை வருவார். அவர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, எலும்பின் இரண்டு நுனியும் செத்துக் கிடக்கிறது என்றார். அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்புத் துருவல் எடுத்து, அதோடு இவன் ரத்தத்திலிருந்தே எடுத்த ஒரு பொருளைச் சேர்த்து இடைவெளியில் அடைக்க வேண்டும். காயம் பட்ட இடத்தில் முதலில் ஓடிப்போய் நிற்பது பிளேட்லெட் என்கிற துணுக்குகள்தான். அதற்குள் சதையையும் எலும்பையும் வளரச் சொல்கிற சத்து இருக்கிறது. அதை மட்டும் திரட்டி வைத்தால் செத்த இடம் முழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

சுருளியம்மாள் இதைக் கேட்டு மூக்கில் விரலை வைத்தாள். காலில் ஊற்றப் போகிற ரத்தத்தை வெளியே எடுப்பானேன், உள்ளேயே இருக்கட்டுமே என்றாள். ராமுத்தாய் வேறொன்று கேட்டாள்.

"சார், அத எப்பிடிப் பிரிப்பீக? சுத்துவீகளா?"

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "ஆமாம்மா. குழாயில ஊத்தி மெஷின்ல சுத்தணும். சிவப்பு கீழ போயிரும். மேல மஞ்சத் தண்ணி நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளைப் படலம். அதுலதான் விசயம் இருக்கு."

"எத்தன நிமிசம்?"

"பத்து. அப்புறம் மேல இருக்கிறத எடுத்து மறுபடியும் ஒரு பத்து. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னாள். பால் சங்கத்தில் கொழுப்புப் பார்ப்பதும் அப்படித்தான். கழுத்து நீண்ட கண்ணாடிக் குழாயில் பாலும் அமிலமும் ஊற்றி அடைத்து, வட்டப் பெட்டியில் எதிரும் புதிருமாக வைத்து ஐந்து நிமிடம் சுற்றினால், கொழுப்பு தனியாகப் பிரிந்து கழுத்தில் வந்து நிற்கும். டாக்டர் சிரித்தார். கடைசியில் சுண்ணாம்புச் சத்துள்ள ஒரு மருந்தை இரண்டு சொட்டு விட்டால் அந்தப் படலம் தயிர் மாதிரி உறையும், அதைத்தான் எலும்பில் வைப்போம் என்றார். இது புது வைத்தியம், கட்டாயம் கூடும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், இதிலும் கூடாவிட்டால் ஆயுசுக்கும் கக்கத்துக் கட்டைதான் என்றும் சொன்னார். சத்தியம் பண்ண மாட்டேன் என்று ஒரு பெரிய மனிதர் வாயால் கேட்பது ராமுத்தாய்க்கு அதுதான் முதல் தடவை. இந்த ஆள் இருபத்தெட்டு என்று முடிவு பண்ணினாள்.

ஒரே ஒரு நிபந்தனை. ஆப்பரேசனுக்கு முந்தின பத்து நாள் வலி மாத்திரை தொடக் கூடாது, பீடி கூடாது. அந்த மாத்திரைகள் பிளேட்லெட்டை மயங்கப் போட்டுவிடும். ரொம்ப முடியாவிட்டால் போடக் காய்ச்சல் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தப் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் செட்டு மாத்திரை என்று ஒன்று விற்கும். ஒரு வெள்ளை, ஒரு ரோஸ், ஒரு மஞ்சள், மூன்றையும் துண்டுக் காகிதத்தில் மடித்து வைத்திருப்பார்கள். ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஜீப்பில் மலையேறுகிற பெண்கள் இரண்டு செட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டுதான் ஏறுவார்கள். எந்த மாத்திரை என்னவென்று விற்கிறவனுக்கும் தெரியாது, விழுங்குகிறவளுக்கும் தெரியாது. வெற்றிலை பாக்கு மாதிரி அது. மலைச்சாமி ஒன்பது மாதமாக ஒரு நாளைக்கு மூன்று செட்டு விழுங்கிக்கொண்டிருந்தான்.

ராமுத்தாய் வீட்டில் இருந்த அத்தனை பொட்டலத்தையும் சாணிக் குழியில் போட்டாள். பீடிக் கட்டை அடுப்பில் வைத்தாள். ஒத்தப்புளியில் இருக்கிற மூன்று பெட்டிக்கடைக்கும் நேரில் போய், என் வீட்டுக்காரர் கேட்டார் என்று எவனாவது கொடுத்தால் நாளையிலிருந்து அவன் வீட்டுப் பாலுக்கு நான் யார் என்று தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர்களுக்குத் தெரியும்.

பத்து நாள் போனது. சுருளியம்மாள் மதியத்துக்கு மதியம் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். எலும்புக்கு எலும்புதான் மருந்து, இந்த டாக்டருக்கு என்ன தெரியும் என்று தெருவில் நாலு பேர் கேட்கச் சொல்லிக்கொண்டே வருவாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, மிளகும் சீரகமும் மணக்க ஊட்டிவிடுவாள். ராமுத்தாய் அந்த நேரத்தில் புல்லுக்குப் போயிருப்பாள். வீட்டில் சத்தம் அடங்கியிருந்தது. அவளுக்கும் அசதி. நல்லது என்று விட்டுவிட்டாள்.

பங்குனி வியாழக்கிழமை விடிந்ததும் வாடகை ஜீப்பின் பின்னால் மலைச்சாமியைப் படுக்கவைத்துக் கிளம்பினார்கள். சுருளியம்மாள் மடியில் சூப்பு பிளாஸ்க்கைக் குழந்தை மாதிரி வைத்திருந்தாள். சின்னமனூர் தாண்டினதும் ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். ஜீப் குதித்துக் குதித்துப் போனது. ராமுத்தாய்க்கே முதுகு கழன்றது. முந்தின தடவைகளில் இதே ரோட்டில் மலைச்சாமி போட்ட கூப்பாட்டில் டிரைவர் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறான். இன்றைக்கு அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறினபோது காலே அந்தரத்தில் போய் வந்தது. குறட்டை மட்டும் கொஞ்சம் தடம் மாறித் திரும்பவும் பழைய வழிக்கு வந்தது.

ராமுத்தாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாத்திரையை நிறுத்தினால் முனகல் கூட வேண்டும். பத்து நாளாக ஒரு முனகல்கூட இல்லை. சித்திரை வெயிலில் முப்பத்தொன்று காட்டுகிற பால்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடத்திவிட்டு ஜீப்காரன் டீக்குப் போனான். ராமுத்தாய் நாத்தனார் மடியில் இருந்த பிளாஸ்க்கை வாங்கித் திறந்தாள். மூடிக்குள்ளே ஒரு பாலிதீன் உறையில் செட்டு மாத்திரை நாலு பொட்டலம் இருந்தது.

"எந்தக் கடையில வாங்குனீக மதினி?"

"கம்பத்துல. போடிக்கும் போவேன், நீ யாரு கேக்க?" சுருளியம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. "எந் தம்பி வலியில துடிக்கிறத நீ பாப்ப, நான் பாக்க மாட்டேன். ஒனக்கு அவன் மாடு கண்ணு மாதிரி. எனக்கு அப்பிடியா? சூப்புல மூணு செட்டயும் மொத்தமாப் பொடிச்சுப் போட்டுக் குடுத்தேன், மகராசனாத் தூங்குனான். என்ன கெட்டுப்போச்சு இப்ப?"

"என்ன கெட்டுப்போச்சா? அந்த ரத்தந்தான் மருந்து. அதக் கெடுத்து வச்சிருக்கீக ரெண்டு பேரும் சேந்து."

"ரத்தம் கெடுமாம்ல மாத்திரையில. எங்க வம்சத்து ரத்தம் ஆத்தா, அது. ஒங்க சங்கத்துப் பாலு இல்ல."

மலைச்சாமி முழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்துதான் எல்லாம் நடந்திருக்கிறது. கையை அமர்த்திக் காட்டி, மெதுவாகப் பேசினான்.

"இந்தா, சத்தம் போடாத. இன்னைக்கி விட்டா அந்த ஆளு இன்னும் ஒரு மாசங் கழிச்சுத்தான் வருவாரு. சாப்பிடலன்னு சொல்லிருவம். அவருக்கு என்ன, வெளிய எடுத்து ஒரைச்சா பாக்கப் போறாரு?"

"கூடலன்னா?"

"கூடும் கூடும். நீ வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும்." பிறகு, அவள் போகிற போக்கு பிடிக்காமல், ஒன்றைச் சேர்த்துச் சொன்னான். "என்னமோ புதுசாப் பொய்யே தெரியாதவ மாதிரி நிக்கிற. நம்ம வீட்டுப் பாலுக்குப் பதினோரு வருசமா இருபத்தெட்டு எழுதுனது யாரு? நாந் தண்ணி ஊத்துனது ஒனக்குத் தெரியாதா? குச்சிய நீதான போட்ட?"

அவள் வீட்டுப் பால் விசயம் அதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே குச்சி இருபத்து மூன்றில் நின்றது. வீட்டில் கேட்டாள். ஊரே ஊத்துது, நாம ஊத்தினா மட்டும் கசக்குதா என்றான். புருசனை வரிசையில் வைத்து அசிங்கப்படுத்த மனசு வராமல் அன்றைக்கு இருபத்தெட்டு என்று எழுதினாள். மறுநாள் மாற்ற முடியவில்லை. அப்புறம் அந்தக் குவளையில் குச்சியைப் போடும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டாள். வாத்தியாரையும் கோயில் மரியாதைக்காரரையும் டிகிரி போட்டு இளக்காரம் பண்ணிக்கொண்டு திரிந்தவள், அவர்களைவிடக் கேவலமான பாலுக்குத் தினமும் தன் கையால் நல்ல பேர் எழுதியிருக்கிறாள். அந்த நிமிசம் அவளுக்குப் புருசனைவிடத் தன் மேல்தான் அருவருப்பாக இருந்தது.

லேபிலிருந்து கிருபாவதி என்ற பெண் ரத்தம் எடுக்கத் தட்டோடு வந்தாள். ஒரு காகிதத்தைப் பார்த்துக் கேட்டாள், பத்து நாளாக வலி மாத்திரை எதுவும் சாப்பிடவில்லையே என்று. மலைச்சாமி இல்லை என்று தலையாட்டினான். சுருளியம்மாள் சத்தியமா இல்ல தாயி என்றாள். கிருபாவதி முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடினாள்.

"ஊசியப் போடாதம்மா" என்றாள் ராமுத்தாய். "இவக தெனமும் மூணு செட்டு மாத்திர சாப்பிட்டிருக்காக. இந்தா இருக்கு பாரு. டாக்டருகிட்டச் சொல்லிரு."

டாக்டர் வந்தார். பொட்டலத்தைப் பிரித்து வெள்ளை மாத்திரையைத் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "ரத்தம் எடுக்கலாம்மா. சுத்தினா வெள்ளைப் படலமும் நிக்கும். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா உள்ள வைக்கிறது நம்பி வைக்கிற மாதிரி இருக்காது" என்றார். புது ரத்தம் ஊறப் பத்து நாளாவது ஆகும், அடுத்த மாதம் வாங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

திரும்பி வருகிற ஜீப்பில் நாத்தனார் அவள் பிறந்த வீட்டை உத்தமபாளையம் வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் களைத்துப்போய்த் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை சங்கத்தில் வழக்கம்போல வரிசை நின்றது. மலைச்சாமி படுத்ததிலிருந்து அந்த வீட்டுக் கேனைத் தூக்கி வருவது சுருளியம்மாள்தான். தண்ணீர்ப் பங்கையும் அவளே பார்த்துக்கொண்டாள். ராமுத்தாய் குவளையில் ஊற்றிக் குச்சியைப் போட்டாள். இந்தத் தடவை கண்ணைத் திருப்பவில்லை.

"இருபத்தி மூணு. எடுக்க முடியாது, கொண்டு போங்க மதினி" என்றாள், கடைசியில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி.

வாத்தியார் கேனை மெதுவாகத் தூக்கிக்கொண்டு, ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி வீட்டுப் பக்கம் நடந்தார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் போனார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டுப் பாலைச் சுருளியம்மாள் டீக்கடைக்கு ஊற்ற ஆரம்பித்தாள்.

அந்த மாதம் ராமுத்தாய் நாத்தனாரை மாட்டுத் தொழுவத்தோடு நிறுத்தினாள், வீட்டு வாசல் ஏறவிடவில்லை. சூப்பைத் தானே வைத்தாள். கடைசிப் பத்து நாளும் மலைச்சாமி முனகினான், கத்தினான், அவளை நாசமாய்ப் போகச் சொன்னான். அவள் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர்த் துணியைக் காலில் ஒற்றிக்கொண்டே கேட்டாள். ஒவ்வொரு முனகலும் இருபத்தெட்டு.

ஆப்பரேசன் அன்றைக்கு லேப் கண்ணாடி வழியாக அவளை எட்டிப் பார்க்கவிட்டாள் கிருபாவதி. மெஷின் நின்றதும் குழாயை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். கீழே சிவப்பு, மேலே மஞ்சள், நடுவில் பாலாடை அளவுக்கு வெளுப்பு. புருசனிடம் அவ்வளவு சுத்தமான ஒன்றை ராமுத்தாய் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தபோது எடுத்த படத்தில் கரிக்கோட்டை மறைத்துப் புகை மாதிரி வெண்மை படர்ந்திருந்தது. ஆவணியில் கட்டையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மலைச்சாமி அந்தப் படத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனான். வேற எவன் ரத்தமும் இல்ல, என் ரத்தத்துல செஞ்சது, டாக்டரே அசந்துட்டாரு என்றான். சுருளியம்மாள் தன் சூப்பால்தான் கூடியது என்றாள். பாண்டீஸ்வரன் தான் சொல்லித்தான் மதுரை டாக்டர் வந்தார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார். ராமுத்தாய் பேரை ஒருத்தரும் எடுக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஆவணி முடிகிற சமயம் ஒரு காலையில், கட்டை இல்லாமல், வெள்ளை வேட்டியும் துவைத்த சட்டையுமாக மலைச்சாமி வரிசையில் வந்து நின்றான். கையில் கேன். ஒன்றேகால் வருசத்தில் முதல் தடவை. ஆளாளுக்குக் காலைத் தொட்டுப் பார்த்தார்கள். வாத்தியார் தோளில் தட்டினார். இனிமே டீக்கடை எதுக்கு, நம்ம சங்கம் இருக்கும்போது என்று அவன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். முறை வந்ததும் அவனே குவளையில் ஊற்றினான்.

"தண்ணி ஒரு சொட்டு இல்ல. நல்லாப் பாத்து எழுது" என்றான் சிரித்துக்கொண்டே.

ராமுத்தாய் குச்சியைப் போட்டாள். அது ஆடி நின்றது. இந்த ஆளும் திருந்திவிட்டானோ என்று ஒரு நிமிடம் நினைத்தாள். குனிந்து பார்த்தாள்.

முப்பத்தொன்று.

ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். குவளையைத் திரும்பக் கேனிலேயே கவிழ்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டுல காப்பி போட்டுக் குடிங்க."

வரிசை விலகி வழிவிட்டது. அவன் கேனைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று திரும்பிப் போனான். ராமுத்தாய் அந்தக் காலை மட்டும் பார்த்தாள். கொஞ்சம்கூட நொண்டவில்லை.